கை ஆட்டியது நான்தான்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இவர் மறுநாளே வண்டி பிடித்துப் போய், நடக்காமல் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தார். மாடியில் குழாய் ஒழுகியது நின்றுவிட்டது, யார் சரிசெய்தது என்று மட்டும் கேட்காதே, அது தானாகத்தான் மனமிரங்கியது. நீ போனில் சொன்ன விஷயம்தான் எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உன் மருந்துக் கம்பெனியில் பாட்டில் ஒன்று கலங்கலாகத் தெரிந்ததென்று நீ மிஷினை நிறுத்தச் சொன்னதும், அன்றைக்கு வேலையே கெட்டுப்போனதும், சோதித்துப் பார்த்தால் மருந்தில் ஒரு குறையும் இல்லாமல் போனதும். அதிலிருந்து உன்னைக் கண்டாலே கூட வேலை செய்கிறவர்கள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது போல நடிக்கிறார்களாமே. இனி பாட்டிலுக்குள் பல்லியே கிடந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்றாய். நானும், ஆமாம்டா, உனக்கு எதற்கு வம்பு, வாயை மூடிக்கொண்டு சம்பளத்தை வாங்கு என்றேன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போவாய்.

சின்னவள் கிரேன் ஓட்டப் போவது உனக்குத் தெரியும், ஆனால் அவள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கமே வரக் கூடாது, நீ வந்தால் எனக்கு மானம் போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தாள். போன வாரம் கண்ணாடி மாற்றப் போனேன். புதிதாக ஆஸ்பத்திரி கட்டுகிற தெருவில், அவள் வேலை செய்கிற இடம்தான், பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், பெரிய இரும்புச் சட்டம் ஒன்றை மேலே ஏற்றுவதால் கொஞ்ச நேரத்துக்குப் பாதை அடைப்பு என்றார்கள். இறங்கி நடந்தால் கயிறு கட்டி ஒரே கூட்டம். அண்ணாந்து பார்த்தேன். என்னத்தைச் சொல்ல, அவ்வளவு உயரத்தில், தீப்பெட்டி போல ஒரு கண்ணாடி அறை, அதற்குள்ளே என் பிள்ளை. கொக்கியில் நம் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிய சட்டம் தொங்குகிறது, அது ஒரு பக்கமும் சாயாமல், அவசரமும் படாமல், தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போவது போல மேலே போய்க்கொண்டிருக்கிறது. சமையலறையில் ஒரு டம்ளரை ஒழுங்காக எடுத்து வைக்கத் தெரியாதவளா இவள் என்று இருந்தது எனக்கு. பக்கத்தில் நின்ற ஆளிடம், முன்பின் தெரியாதவர், அது என் பொண்ணு என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அதனாலும்தான், சந்தோஷம் தாங்காமலும்தான், பையைக்கூடக் கீழே வைக்காமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன்.

சட்டம் அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கீழே நின்று சைகை காட்டுகிற ஆள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், இன்ஜினியர் ஓடி வருகிறார், வாக்கிடாக்கியில் ஒரே சத்தம். அப்புறம்தான் தெரிந்தது, ஏற்று, இறக்கு என்று காட்ட அந்த ஒரு ஆளுக்குத்தான் உரிமையாம், ஆனால் நிறுத்து என்று காட்ட யாருக்கும் உரிமை உண்டாம், தெருவில் போகிறவருக்கும் உண்டாம். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் ஆபத்து, உடனே நிறுத்து என்று அர்த்தமாம். ஒருமுறை நின்றுவிட்டால் சுற்றிலும் பார்த்து, நிறுத்தச் சொன்னவரிடம் ஏன் என்று கேட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்த்துவாளாம். இன்ஜினியர் என்னிடம் வந்து, என்னம்மா பார்த்தீங்க என்று மூச்சு வாங்கக் கேட்டார். சும்மாதான் கை ஆட்டினேன், அது என் பொண்ணு என்றேன். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. கூட்டமே சிரித்தது. இதையெல்லாம் இன்ஜினியர் வாக்கிடாக்கியில் மேலே சொல்லியும் அவள் அசையவில்லை, சைகை காட்டுகிற ஆள் சுற்றி வந்து பார்த்த பிறகுதான் என்றுவிட்டாள். அவர் பார்த்து முடிப்பதற்குள் காற்று பலமாகிவிட்டது, சட்டத்தை இறக்கிவிட்டார்கள், அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, அடுத்த மாதம்தான் முடிவு செய்வதாக இருந்தார்கள். ஒரு நாள் வேலை கெட்டதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். இன்ஜினியர் நல்ல மனுஷன், சாயங்காலம் அவரே கூப்பிட்டு, வெயில் கண்ணில் அடித்தது, யாரென்று தெரியவில்லை என்று எழுதிவிடும்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார், ஒரு வரிதானே, எழுதினால் யார் குடி முழுகிவிடும் என்றார். நான் ஒரு படி மேலே போய், நானே வந்து சொல்கிறேன், அத்தனை உயரத்திலிருந்து என்னை அடையாளம் தெரிந்திருக்காது என்றேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன்னைப் பார்த்தேன்மா. பையும் கையுமா அப்படிக் குதிக்கிறதுக்கு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? நீ சும்மாதான் ஆட்டுறன்னுகூடத் தெரியும். தெரிஞ்சுதான் நிறுத்தினேன். தெரிஞ்ச ஆளுதானே, சும்மாத்தானேன்னு இன்னிக்கு ஒருதடவை விட்டா, நாளைக்கு நிஜமா ஒருத்தர் கையைத் தூக்கும்போதும் எனக்கு அப்படித்தான் தோணும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். ஒன்று சொல்கிறேன் பெரியவனே, அங்கே ஆபத்து ஒன்றும் இருக்கவில்லை. அவள் நிறுத்தியதால் யார் உயிரும் பிழைக்கவில்லை, நல்லவேளை நிறுத்தினாய் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, இனியும் சொல்லப் போவதில்லை. கிடைத்ததெல்லாம் சிரிப்பும் திட்டும்தான். அதற்கப்புறமும் ஒருத்தி அசையாமல் நிற்கிறாள் என்றால் அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை, நான் எந்தப் பக்கம் கூட்டம் பேசுகிறதோ அந்தப் பக்கம் தலையாட்டுகிறவள். உன் அப்பாவிடமிருந்து என்று சொன்னால் அவரே சிரிப்பார். நான் பெற்றதுதான், நான் தலை வாரி விட்டதுதான், ஆனாலும் அன்றைக்கு அவள் முன்னால் உட்கார்ந்திருக்க எனக்கு என்னவோ போல இருந்தது, எழுந்து நின்றுவிட்டேன். என்னம்மா வேணும் என்று கேட்டாள். தண்ணீர் குடிக்க எழுந்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

யாரென்று தெரிந்தேதான் நிறுத்தினேன் என்று எழுதிக் கொடுத்தாள். நேற்று முடிவு சொல்லிவிட்டார்கள். வேலை போகவில்லை, ஆனால் நிரந்தரம் இப்போதைக்கு இல்லை, பெரிய கிரேனிலிருந்து இறக்கி, கிடங்கில் பைப் அடுக்குகிற சின்ன வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், எனக்குக் கேட்டது. காலையில் ஹெல்மெட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எப்போதும் போகிற நேரத்துக்குப் போய்விட்டாள்.

உன் பாட்டில் விஷயத்தில் யார் சரி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் சொன்னதை மட்டும் மறந்துவிடு. கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே, வயிறு காயப் போடாதே, வேலைக்கு நடுவில் பத்து தரம் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அவர்களோடு முகம் கொடுத்துப் பேசு. நீ நல்லபடியாக, மனசுக்கு மறைவில்லாமல் நீண்ட காலம் இரு, அதுதான் எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும். முக்கியமாக ஒன்று, இத்தனை நாள் எதுவென்றாலும் என்னைத்தான் கேட்பாய், நானும் தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லி வைப்பேன். இனி இந்த மாதிரி விஷயத்துக்கு என்னைக் கேட்காதே, உன் தங்கையைக் கேள். நானும் அவளைத்தான் கேட்கப் போகிறேன்.

உன் அன்பு,
அம்மா