ஒரே கதவு எண்

3.6.08 செவ்வாய்
காற்று. மேகம் உண்டு, மழை இல்லை. நான் மனு பதியும் சேவை மையத்தில் காலையிலேயே கரண்ட் போனது. வரிசை வாசல் வரை.

கரண்ட் வந்ததும் அற்புதம் அக்காவின் மனு. எங்கள் லைன் வீட்டில் பக்கத்து அறை, சொந்த ஊர் சாத்தான்குளத்துப் பக்கம். அவள் புருஷன் அண்ணாச்சிக்கு இதய வால்வு ஆபரேஷன். வருமானச் சான்று இருந்தால் இலவசம். வெள்ளிக்குள் தராவிட்டால் படுக்கை வேறு ஆளுக்கு.

பதிந்தேன். சிவப்பு எழுத்து: "இக்கதவு எண்ணில் ஏற்கெனவே ஒரு மனு உள்ளது."

அந்த மனு என்னுடையது. தம்பியின் உதவித்தொகைக்காக இதே சான்று கேட்டுப் போன வாரம் நானே போட்டது.

எங்கள் லைனில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே கதவு எண், ஒரே குழாய், ஒரே கக்கூஸ். இந்த மென்பொருளை எழுதியவனுக்கு ஒரு கதவு என்றால் ஒரு குடும்பம். எங்கள் மண்ணரைப் பகுதியில் ஒரு நாள் குடியிருந்து பார்க்கட்டும்.

4.6 புதன்
சோப்பு தீர்ந்தது. செருப்பு தைக்க வேண்டும்.

வீட்டு வரி ரசீதில் உள்ள எண்தான் செல்லும். அறைக்கு அறை தனி எண் வாங்கித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் போனோம்.

"ரூமுக்கு ரூம் நம்பர் போட்டா வரி யாரு கட்டறது கண்ணு? கம்ப்யூட்டருக்கோசரம் என்ற ஊட்டைக் கூறு போடோணுமா?"

வெளியே வந்ததும் அக்கா, "எங்க அவரு செத்தா நெத்தியில நம்பர் எழுதித்தான் பொதைக்கணும்ட்டி." சிரித்தோம். தெருமுனை வரைதான்.

5.6 வியாழன்
தாலுகா ஆபீஸ். கையால் எழுதியாவது தரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"அதெல்லாம் நின்னு போச்சுங்க. எல்லாம் ஆன்லைனுங்க" என்றார் கிளார்க். "மாத்தோணும்னா தாசில்தார் சாரோட பாஸ்வேர்டு வேணும். சார் பயிற்சிக்குப் போயிட்டாருங்க."

"என்ன பயிற்சிங்க?"

"கம்ப்யூட்டருங்க."

சமைக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் மூச்சிரைப்பு. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். கேவலம்.

6.6 வெள்ளி
என் மனுவை வாபஸ் வாங்கினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தம்பியிடமும். படிப்பு இல்லாவிட்டால் பனியன் கம்பெனி. இந்த ஊரில் அதற்கு மட்டும் சான்று கேட்பதில்லை.

அக்காவின் மனுவை மறுபடி பதிந்தேன். சிவப்பு எழுத்து: "வாபஸ் பெறப்பட்ட கதவு எண்ணுக்கு இந்நிதியாண்டில் மறுமனு ஏற்கப்படாது."

கவுண்டர் கம்பியைப் பிடித்தபடி அக்கா. "ஏட்டி, ஏறிட்டா?"

"சர்வர் இல்லக்கா" என்றேன்.

"அதுக்கென்ன, வார வரைக்கும் உக்காந்திருக்கேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் எழுந்துகொள்கிறாள்.