ஸ்கிப்பிங் கயிறும் வாய்க்கால் கரையும்

சேசு மரி சூசை துணை

இராயப்பன்பட்டி
ஆகஸ்ட் 21

அன்பு மகள் ஜெசிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் பசுவும் கன்றும் சுகம், அந்தக் குளிர் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்தால் ஒழுங்காகத் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, அம்மாவுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது ஆத்தா, போனில் அது வாய்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது, நீயும் டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய். சின்னமனூர் சூரியபிரகாஷ் ஞாயிற்றுக்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறானாம், அவன் கையில் நாரத்தங்காய் ஊறுகாயும் இட்லிப்பொடியும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். ஊறுகாயைப் பிறகு பிரித்துக்கொள், முதலில் இதைப் படி.

ஈஸ்டர் பூசையில் பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்கி நான் நின்றுபோனது உனக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷமாகப் பாடற்குழுவில் பாடுகிறவள், ஒரு அல்லேலூயாவை இழுத்து முடிக்க முடியவில்லை, பக்கத்தில் நின்ற ஞானசெல்விதான் என் பங்கையும் சேர்த்துப் பாடி மானத்தைக் காப்பாற்றினாள். மே மாதம் தேனி டாக்டரம்மா எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு அடைப்பெல்லாம் இல்லை, உடம்பு கனத்துப் போச்சு, பிரஷர் எட்டிப் பார்க்கிறது, மூன்று மாதம் பார்க்கலாம், குறையாவிட்டால் மாத்திரை, மதுரைக்குப் போய் இன்னும் டெஸ்ட் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொழுதுக்கும் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவளிடம் உடம்பு அசையவில்லை என்றால் எப்படி இருக்கும்? அதற்கு அவர், "அது கைக்கு வேலைம்மா, நெஞ்சுக்கு எங்க வேலை குடுக்குறீக? தினமும் இருபது நிமிசம் விடாம நெஞ்சு வேகமாத் துடிக்கணும். ஒரு மாசம் நடங்க, அப்புறம் மெதுவா ஓடுங்க, இல்லாட்டி கயிறு குதிங்க" என்றார். என் கவலை மாத்திரை இல்லை ஜெசி, பாடற்குழுவிலிருந்து நானாகவே ஒதுங்க வேண்டி வருமோ என்பதுதான். உன்னிடம் சொன்னேன், நீ ஓடு என்றாய், நான் போடி இவளே, இந்த வயசில் ரோட்டில் ஓடினால் ஊர் சிரிக்கும் என்றேன். நான்கு நாளில் நீ அனுப்பிய நீலக் கயிறு ஒன்று பார்சலில் வந்து இறங்கியது, எத்தனை குதித்தேன் என்று கைப்பிடியிலேயே நம்பர் காட்டுகிற கயிறு.

டாக்டரம்மா சொன்னபடி ஒரு மாதம் நடந்துவிட்டு அதைக் கையில் எடுத்தேனே ஒழிய எங்கே குதிப்பது? வாசலில் குதித்தால் தெருவே பார்க்கும். கொல்லையில் குதிக்கலாம் என்றால் விஜய்பாண்டி வீட்டு மாடியிலிருந்து எல்லாம் தெரியும். கடைசியில் நம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் போனேன், சுற்றிலும் இலை, ஒரு கண் பார்க்காது, நிழல் வேறு. மூளை இருக்கிறவள் மேலே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருப்பாள். குள்ளச்சி நான், தலைக்கு மேலே இடம் இருக்கிறது, தலைக்கு மேலே சுற்றுகிற கயிற்றுக்கு இடம் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஐந்து குதி குதித்தால் ஆறாவது கயிறு கம்பியில் மாட்டும், வெடுக்கென்று இழுத்தால் ஒரு குலை கீழே விழும். அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த வரிசையில் குலை குலையாக உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து உன் அப்பா, வௌவால் இறங்கிவிட்டது என்று சின்னமனூர் போய் வலை வாங்கி வந்துவிட்டார். விஜய்பாண்டியைக் கூட்டிவந்து காட்டினார், அவன் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வௌவால் இல்ல மாமா, இது அணில் வேல, தரையப் பாருங்க, எப்புடி மிதிச்சுப் போட்டுருக்கு" என்று சொல்கிறான். என் எழுபத்தைந்து கிலோவையும் அணில் கணக்கில் சேர்த்துவிட்டான். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம், அணில்தான் என்று தலையாட்டினேன்.

இரண்டு பேருமாக வலையைக் கட்டி முடித்த மறுநாள், நான் உள்ளே கயிறும் கையுமாக நிற்கும்போது அப்பா வந்துவிட்டார். கத்துவார் என்று பயந்தேன், கல்தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கிறுக்குக் கழுத, குதிக்கணும்னா வாசல்ல குதி, ஓடணும்னா கரையில ஓடு, யாரு ஒன்னைய என்ன சொல்லப்போறாக? பிள்ள ஓடுனப்ப ஊரு பேசுச்சு, சரி. இப்பயும் பேசவா போகுது?" என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் எங்கேயோ போய்த் தைத்தது, ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

மறுநாள் காலை வெளுத்ததும் வாய்க்கால் கரையில் ஓடினேன். ஓட்டம் என்று பேர்தான், ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓடுவேன், அதற்கடுத்தது வரைக்கும் நடப்பேன். ஆனி ஆடிக் காற்றுதான் உனக்குத் தெரியுமே, எதிரே வந்தால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும், திரும்பி வரும்போது அதுவே முதுகைப் பிடித்துத் தள்ளிவிடும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று என்னைக் கண்டு வேகம் குறைந்தது, உள்ளேயிருந்து ராமுத்தாய், "ரோசக்கா, ஜீப்ப விட்டுட்டீகளா, ஏறுங்க, எடம் இருக்கு" என்று கத்த, ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவ்வளவுதான் ஜெசி. மறுநாள் கையை மட்டும் ஆட்டினார்கள், அதற்கு மறுநாள் அதுவும் இல்லை, நான் அந்தக் கரையில் நிற்கிற இன்னொரு கம்பம் ஆகிவிட்டேன்.

எது நல்லது, கயிறா ஓட்டமா என்று போன வாரம் நீ கேட்டாய் அல்லவா, இப்போது இரண்டும் செய்கிற ஆளாகச் சொல்கிறேன். கயிறு சின்னப் பிசாசு, ஐந்து நிமிஷத்தில் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும், மழையென்றாலும் காற்றென்றாலும் மாட்டுக் கொட்டகைக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். ஆனால் சிமெண்டுத் தரையில் குதித்தால் கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது, மண் தரைதான் தோது. பிள்ளை பெற்ற உடம்பு குதித்தால் வேறு என்ன சங்கடம் வரும் என்று நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டாம், முதலிலேயே பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுகிறேன். ஓட்டத்துக்கு நேரம் வேண்டும், முழங்காலும் கொஞ்சம் முணுமுணுக்கும், ஆனால் மூச்சை நீளமாகப் பழக்குகிறது, மெதுவாக ஓடினால் ஜெபமாலையே சொல்லிவிடலாம். பத்து நிமிஷம் குதித்தால் அரை மணி நேரம் ஓடியதற்குச் சமம் என்று வாட்ஸப்பில் வந்ததை டாக்டரம்மாவிடம் காட்டினேன், "அந்தக் கணக்கெல்லாம் வேணாம்மா, நீங்க எத விடாமச் செய்வீகளோ அதான் ஒங்களுக்கு நல்லது" என்றார். மூன்று நாள் கயிறு, இரண்டு நாள் ஓட்டம் என்று வைத்திருக்கிறேன். நேற்று அவரிடம் போனோம். எடை ஆறு கிலோ குறைவு, நாடி தொண்ணூற்றிரண்டு இருந்தது எழுபத்தெட்டுக்கு வந்துவிட்டது, பிரஷர் சரி, மாத்திரையும் மதுரையும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாதா திருநாள் பூசையில் முழுப் பாட்டையும் நிற்காமல் பாடினேன் ஆத்தா, ஞானசெல்வி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இனி அந்த விஷயம். ஒன்பதாம் வகுப்பில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டத்தில் உன்னை மாவட்டப் போட்டிக்கு எடுத்திருந்தார்கள். நீ தினமும் விடியலில் இதே கரையில் ஓடினாய். ஊரில் ஒரு மாதிரி பேசுறாக, வேண்டாம் என்று சொல்லி நான்தான் நிறுத்தினேன். யார் பேசினது என்று நீ கேட்டாய், நான் சொல்லவில்லை. ஜெசி, யாரும் பேசவில்லை. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசுவார்களோ என்று நானாகப் பயந்து, பேசிவிட்டார்கள் என்று உன்னிடமும் சொன்னேன், அப்பாவிடமும் சொன்னேன். அவர் இன்றைக்கும் அதை நம்பிக்கொண்டிருக்கிறார். நீ போட்டிக்குப் போகவில்லை. மாட்டுக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்க் குதித்தாய், ஒரு நாள் எட்டிப் பார்த்தேன், சத்தம் வராமல் உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தாய். நான் அடுப்படியிலிருந்து கயிறு தரையில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், சரி, கண் மறைவாக இருக்கிறது என்று நிம்மதியாகக் கூட இருந்தேன். பந்தலுக்கு அடியில் ஒளிந்து நின்று, யாருக்கும் கேட்கக் கூடாது என்று நானே உதட்டுக்குள் எண்ணியபோதுதான் உனக்கு என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிந்தது. என்னை மன்னித்துவிடு மகளே.

இவ்வளவும் செய்த அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றதும், அன்றைக்கு என்னை நிறுத்தினாயே என்று ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் கயிறு வாங்கி அனுப்பினாய். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை, நான் சொல்கிறேன், நன்றி ஜெசி. இந்த மூச்சு நீ கொடுத்தது. ஆண்டவர் உன் காலையும் கையையும் காத்து, நீ தொடுகிற நோயாளி எல்லாரையும் எழுப்பி உட்கார வைக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, பனி உறைந்த ரோட்டில் ஓடாதே, சாக்ஸை ஈரத்தோடு போடாதே. இந்தக் கடிதம் கிளம்புகிற அன்றைக்கு அப்பாவிடமும் உண்மையைச் சொல்லிவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஓடுகிற ஷூவைப் பெட்டியில் மேலாக வை. ஐந்தரை மணிக்கு நானே உன்னை எழுப்பிவிடுவேன். கரையில் நீ முன்னால் ஓடு, நான் பின்னால் வருகிறேன், எனக்காக நிற்காதே.

உன் அம்மா
அ. ரோசம்மாள்