எங்கள் கட்டடத்துக்கு வந்த நோய்

அன்புள்ள குட்டிம்மா,

நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், என் பேத்திக்குப் பல் எத்தனை முளைத்தது, அதை வைத்து யாரையெல்லாம் கடித்தாள் என்று ஒன்று விடாமல் எழுது. ஃபோனில் சொன்னால் உன் அப்பா நடுவில் புகுந்து தன் பக்கத்து நியாயத்தைப் பேச ஆரம்பித்துவிடுவார், அதனால்தான் கடிதம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். பரீட்சை என்ன ஆயிற்று என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே, வரிசையாகப் படி.

பாதி ஆயுளை வார்டிலேயே கழித்துவிட்டு, இந்த முட்டி இனி இரவுப் பணிக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆனதும்தானே நான் சமூக நர்சிங் படிக்கச் சேர்ந்தேன். தேறினால் அதே கல்லூரியில் பயிற்றுநர் வேலை, மாணவிகளைத் தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போகலாம், தேறாவிட்டால் மறுபடி அதே வார்டு, அதே இரவுப் பணி. வகுப்பில் மற்றதெல்லாம் சின்னப் பெண்கள், ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிட்டே என் வயதைக் கூட்டிவிட்டார்கள். டீச்சருக்கே உன் வயதுதான் இருக்கும். முதல் நாளே அவர், "இங்க உங்க நோயாளி ஒரு ஆள் இல்ல, ஒரு தெருவே நோயாளி, ஒரு ஊரே நோயாளி" என்று சொன்னார், நானும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். களப்பணிக்கு அவரவர் ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, எங்கும் அலைய வேண்டாமே என்று நம் கட்டடத்தையே எழுதிக் கொடுத்தேன். பழக்கதோஷம் விடுமா, கேஸ் ஷீட்டில் நோயாளியின் பெயர் என்ற இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் என்றும், வயது இருபது சொச்சம் என்றும், கட்டில் எண் இன்னும் ஒதுக்கவில்லை என்றும் எழுதிவைத்தேன். அதைப் பார்த்து டீச்சர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மேஜையில் விழுந்தது.

சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று ஏதாவது கிடைக்கும் என்றுதான் வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். ஆனால் நம் கட்டடத்தின் நோய் என்ன தெரியுமா, விழுவது! பாட்டு டீச்சருக்கு மணிக்கட்டில் கட்டு, ஓய்வுபெற்ற தபால்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்கிறார், தையல்காரர் மனைவிக்கு முழங்காலில் சிராய்ப்பு. எல்லாரும் மாடிப்படியில் விழுந்தவர்கள், எல்லாரும் தங்கள் அஜாக்கிரதைதான் என்று வெட்கப்பட்டு வெளியே மூச்சுவிடாதவர்கள். நான் வார்டு நர்ஸ் ஆயிற்றே, சும்மா இருப்பேனா, ஒருவருக்குக் கட்டுப் போட்டேன், ஒருவருக்கு ஒத்தடம் கொடுத்தேன், எல்லாரையும் மொட்டைமாடிக்கு வரவழைத்துக் கால் வலுவுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன், படியில் பார்த்து நடக்கவும் என்று பெரிய படமாக வரைந்து சுவரில் ஒட்டினேன். பயிற்சி முடிந்து இறங்கும்போதே தபால்காரர் மறுபடி விழுந்தார், அதுவும் என் படத்துக்கு நேர் கீழே. கல்லூரி டீச்சரிடம் போய் அழாத குறையாகச் சொன்னால், "ஒவ்வொருத்தரா கட்டுப் போட்டுக்கிட்டே இருக்கீங்களே, எல்லாரையும் ஒரே மாதிரி விழவைக்கிறது எதுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் ஒரு ஃபிளாஸ்க் நிறைய டீயோடு போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், அங்கே ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. தபால்காரர் வந்து பொத்தானை அமுக்கினார், விளக்கு எரிந்தது, மெல்ல மெல்ல ஏறினார், திருப்பத்துக்கு வந்ததும் பட்டென்று அணைந்தது, மனிதர் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். பாட்டு டீச்சருக்கும் அதே இடம், அதே இருட்டு. அடுத்து உன் அப்பா வந்தார். பையை ஆட்டிக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு, இன்னும் கல்லூரிப் பந்தாட்டக்காரர் என்ற நினைப்பில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். அவர் நம் வீட்டுக் கதவைத் திறக்கும் வரை விளக்கு சமர்த்தாக எரிந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆன ஜோரில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று விளக்கைத் தானாக அணைக்கும் அந்த டைமரை மாட்டியது அவர்தானே! தானே ஒரு தடவை ஏறிப் பார்த்து நேரத்தை வைத்திருக்கிறார், தன் ஒருத்தர் காலைக் கழற்றிக் கட்டடம் முழுவதுக்கும் மாட்டிவிட்டிருக்கிறார்.

அவரிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன், மென்று விழுங்கிவிட்டேன். களப்பணிப் பரீட்சையோ நம் கட்டடத்திலேயே, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில், எல்லார் முன்னாலும். உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரரிடமெல்லாம் என் சம்சாரம் என் சம்சாரம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். நான் விளக்குவரைக்கும் சொல்லி, சங்கம் வைத்த டைமர் என்று பூசி மெழுகப் பார்த்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா விடுவாரா, "இந்த நேரத்தை யார், எதை வெச்சு முடிவு பண்ணாங்க?" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வேலையா வீடா என்று ஒரு கணம் உள்ளே ஆடிப்போனேன். பிறகு, "என் வீட்டுக்காரர்தான், தன் கால் வேகத்தை வெச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து நின்று, "நானே ஏறிப் பார்த்துத்தான் வெச்சேன், சரியாத்தானே இருந்துச்சு?" என்றார், கோபம்கூட இல்லை, நிஜமாகவே விளங்காத முகம். தேர்வாளர் சிரித்துக்கொண்டே, தபால்காரர் கையைப் பிடித்துக்கொண்டு இப்போது ஒருமுறை ஏறிப் பாருங்கள் என்றார். கட்டடமே படிக்கட்டடியில் கூடி நின்றது. இருவரும் மெதுவாக ஏறினார்கள், திருப்பத்தில் விளக்கு அணைந்தது, இருட்டுக்குள்ளிருந்து உன் அப்பாவின் குரல் மட்டும், "அடடா!" என்று வந்தது. சிரித்தார்கள் பார், தபால்காரர் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. நானும் தேர்வாளர் எதிரே நிற்கிறேன் என்பதை மறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

தேறிவிட்டேன் குட்டிம்மா! அடுத்த மாதம் முதல் நான் பயிற்றுநர். உன் அப்பா பரீட்சை முடிந்த அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மறுநாள் காலை பார்த்தால் தலையணையை இடுப்பில் வைத்து அணைத்துக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று ஏறிக்கொண்டிருக்கிறார். பாட்டு டீச்சர் என்ன சார் இது என்று கேட்டதற்கு, "என் பேத்திங்க, தூங்குறா, மெதுவாத்தான் ஏறணும்" என்றாராம். அந்த நடைக்குத்தான் இப்போது டைமரை வைத்திருக்கிறார். இதுவும் ஒரே ஆள் கணக்குத்தானே என்று கிண்டல் செய்தேன், ஆனால் கட்டடத்திலேயே மெதுவாக ஏறுகிறவருக்குச் சரியாக இருந்தால் மற்றவர்களுக்கும் சரிதான். அதன் பிறகு இங்கே யாரும் விழவில்லை.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் பார்த்து நட என்று எழுத வந்தேன், அப்படிச் சொல்லக் கூடாது என்றுதானே இத்தனை பாடுபட்டுப் படித்தேன். அதனால் உங்கள் கட்டடத்துப் படியில் விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்த்து எழுது, மறக்காதே. இங்கே வரும்போது எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஏறி வா, நீ வாசலுக்கு வந்து சேரும் வரை விளக்கு எரியும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
(தலையணையைத் திருப்பித் தராத செயலாளரின் மனைவி)