தூதர் அடித்த மணி

அன்புள்ள அம்மாவுக்கு,

வீட்டில் எல்லோரும் அமைதிதானே? உங்கள் மூட்டுவலி குறைந்ததா? பாசே ஊரில் வெயிலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆட்சி மாறியபின் நமக்கு உதவ வந்த நாடுகளில் ஒன்று, இங்கே பக்கத்து ஊருக்கு ஆழ்துளைக் கிணறு தருகிறது. ஊர்த்தலைவர் வீட்டருகே தோண்டுவதா, பெண்களின் காய்கறித் தோட்டத்திலா என்று போன வாரம் வாக்கெடுப்பு. நம் தேர்தல் வழக்கப்படி மறைவில் இரண்டு பீப்பாய், ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு மணி. ஒருவர் தம் கோலியைப் போட்டால் அது பட்டு ஒரு மணிதான் கேட்க வேண்டும்; இரண்டு கேட்டால் கள்ள வாக்கு. பார்க்க வந்த அந்த நாட்டுத் தூதர், ஊர்ச் செவிலிக்குப் பரிசாகக் கொண்டுவந்த சைக்கிளின் மணியை, ஒருவர் கோலி போடும் நேரத்தில் விளையாட்டாக அடித்துவிட்டார்.

"நிறுத்துங்க!" என்றார் தோட்டக்காரி கதீ சன்யாங். "ரெண்டு மணி கேட்டுச்சு. முதல்லேருந்து போடணும்."

தலைவர் பதறினார். "விருந்தாளி முன்னாடி மானத்த வாங்காதம்மா. கோலியை எண்ணினா தெரிஞ்சிடப்போகுது."

"எண்ணினா கணக்கு சரியாகும், சந்தேகம் போகுமா? பெரிய மனுஷங்க மனசு நோகக்கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டிருந்த காலமெல்லாம் போச்சு தலைவரே."

தூதர் மன்னிப்புக் கேட்டு, சைக்கிளைத் தாமே தூரமாகத் தள்ளிக்கொண்டு போனார். இருவர்மீதும் எனக்கு மதிப்பு கூடியது. மறுபடி வாக்களித்தார்கள், தோட்டம் வென்றது.

பச்சைத் தேயிலை கொஞ்சம் அனுப்புங்கள். தனியாகக் காய்ச்சினால் மூன்று சுற்றும் குடிக்காமல் முதல் சுற்றோடு எழுந்துவிடுகிறேன், ஆனாலும் தீர்ந்துவிட்டது.

தோட்டத்தில் தண்ணீர் வந்துவிட்டதாம். கதீ அக்கா ஆள் அனுப்பியிருக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
எப்ரிமா