எல்லையில் அணைக்க மறந்த ஜாமர்

அன்புள்ள கெய்லி,

அம்மா எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கப்பலை எந்தக் கடலில் வந்து பிடிக்குமோ தெரியாது, பிடிக்கும்போது நீ நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவளாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் முட்டிவலிகூடக் குறைந்திருக்கிறது. தக்காளி இந்த வருஷம் தாங்க முடியாத காய்ப்பு, பக்கத்து வீட்டு வெர்னன் நான் கூடையோடு வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறார். நல்ல செய்தி அவ்வளவுதான். மீதியை எழுதக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார், இரண்டு வாரம் எழுதாமல் இருந்தும் பார்த்துவிட்டேன், முடியவில்லை.

ஏப்ரலில் கடற்படை விடுப்பில் வந்தபோது அப்பாவின் பிறந்தநாளுக்கு நீ காருக்கு அடியில் படுத்து மாட்டிக் கொடுத்தாயே, போலீஸின் லேசர் துப்பாக்கி வேகத்தை அளக்க முடியாமல் செய்கிற அந்த ஜாமர், அதனால் அப்பா கோர்ட்டில் நிற்கிறார். உன்னைக் குறை சொல்லவில்லை, முழுக்கப் படி. நம் வீட்டு வாசலில் அது தப்பில்லை, போலீஸ் ரேடார் பக்கத்தில் வந்தால் கத்துகிற, அப்பா பத்து வருஷமாகக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கும் ரேடார் டிடெக்டரும் தப்பில்லை. ஆறு நிமிஷம் ஓட்டிப் பக்கத்து மாநிலம் வர்ஜீனியாவுக்குள் போனால் இரண்டுமே குற்றம். எல்லைக்கோட்டின் மேலேயே ஊரைக் கட்டினவர்களைத்தான் சொல்ல வேண்டும். நாங்கள் எப்படிச் சமாளிப்போம் என்று உனக்குத் தெரியும், மாநிலப் பலகை தெரிந்ததும் நான் டிடெக்டரைப் பிடுங்கிக் கைப்பையில் போடுவேன், அப்பா ஸ்டியரிங்குக்குக் கீழே நீ வைத்த சுவிட்சை அணைப்பார், சீட் பெல்ட் போடுவது மாதிரி அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை டயர் வாங்கப் போனோம். சர்ச் விருந்தில் பாதிரியாரின் மனைவி சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிச் செய்த கேக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனேன், அப்பா சிரித்த சிரிப்பில் சுவிட்சை மறந்துவிட்டார். அறுபது மைல் போக வேண்டிய ரோட்டில் எண்பத்து மூன்று. அவசரம் ஒன்றுமில்லை கெய்லி. பள்ளிக்கூடப் பஸ்ஸில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அத்தனை பதனமாக ஓட்டுகிறவர் உன் ஜாமர் வந்த பிறகு சொந்தக் காரில் வேறு ஆளாகியிருந்தார், எனக்கும் அந்த ஆளைப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

லேசரில் எண் விழாததால் அந்தப் போலீஸ்காரர் சந்தேகப்பட்டுப் பின்னாலேயே வந்து ரேடாரில் அளந்திருக்கிறார். காரை ஓரங்கட்டியதும் என் மடியில் கைப்பை கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது, உள்ளே டிடெக்டரில் பேட்டரி இருப்பது எனக்கு நினைவே இல்லை. போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்து, “மேடம், உங்க பை கூப்பிடுது, எடுக்கலையா?” என்றார். போன்தான் சார் என்றேன். “என் ரேடார் பக்கத்துல வந்தா மட்டும் அடிக்கிற போனா?” என்று கேட்டார். பேட்டரியை எடுத்துவிட்டு டிக்கியில் போட்டிருந்தால் சட்டப்படி அது குற்றமே இல்லையாம், உட்கார்ந்திருக்கிறவர்களின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததுதான் தப்பாம். பையில் போட்டால் மறைத்துவிட்டதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவர் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து காரின் முன்பக்கக் கம்பி வலைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். இதை யார் மாட்டியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் முழங்காலை அழுத்தி, “நான்தான் சார், வாங்கினதும் நான்தான்” என்றார்.

கோர்ட்டிலும் அதையேதான் சொன்னார். நீதிபதி கெட்டவர் இல்லை. “அம்பது பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற மனுஷன் நீங்க. போலீஸ் கண்ணைக் கட்டுற சாமானை உங்க கையாலயே மாட்டிட்டு, வேகத்தைக் கவனிக்கலைன்னு சொன்னா நான் எப்படி நம்புறது?” என்று கேட்டார். உன் அப்பா, “நம்ப வேணாம்ங்க” என்றார். எங்கள் வக்கீல் ஹேட்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள், அவள்தான் எப்படியோ அக்டோபர் ஒன்பது வரை வாய்தா வாங்கினாள். ஆபத்தாக ஓட்டினார் என்று தீர்ப்பு வந்தால் பள்ளிக்கூடத்தில் பஸ் இனி கிடையாது. இப்போதே சாவியை வாங்கிக்கொண்டார்கள், மற்றவர்களின் பஸ்களைக் கழுவுகிறார். அதே நேரத்துக்கு எழுந்து போகிறார், அவருடைய பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டும் பையனுக்குக் கண்ணாடிகளைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வாளியை எடுக்கிறார். வீட்டுக்கு வந்து பீன்ஸும் சோள ரொட்டியும் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

ஹேட்சர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள், “உங்க பொண்ணு கையால நாலு வரி போதும்மா. பிறந்தநாளுக்கு நான்தான் மாட்டினேன், எங்க ஊர்ல அது தப்பில்லைன்னு. குத்தத்தைக் குறைக்க நீதிபதி இடம் தேடுறாரு, இவரு குடுக்க மாட்டேங்குறாரு.” அப்பாவிடம் சொன்னதற்கு அவர் கத்தக்கூட இல்லை. “மார்லா, அவ கப்பல்ல ரேடார் முன்னாடி உக்காந்திருக்கா. போலீஸ் ரேடாரை ஏமாத்துனவன்னு ஒரு கோர்ட்டுக் காகிதத்துல அவ பேரு ஏறணுமா? எனக்கு வாளி பரவாயில்ல” என்றார். உனக்கு அதனால் கெடுதல் வருமா என்று ஹேட்சரைக் கேட்டேன், கடற்படைச் சட்டம் தனக்குத் தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது. நம் வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நீதான், உன்னிடம் கேட்கக் கூடாது என்று பைபிள் மேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டார். நான் காலேஜில் நாலு வருஷம் படித்தவள், அடுப்படியில் நின்றுகொண்டு இரண்டில் எது சரி என்று தெரியாமல் தக்காளியை நறுக்கிக்கொண்டே இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை முடிந்ததும் யாருடைய முறையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, அப்பாவின் பிடிவாதம் உனக்கும் உண்டு. கடவுள் உன்னையும் உன்னோடு இருக்கிற பிள்ளைகளையும் கரைசேர்க்கட்டும். இந்தக் கடிதத்தோடு ஓர் உறை இருக்கும், ஹேட்சரின் முகவரி எழுதித் தபால்தலையும் ஒட்டியிருக்கிறேன். உள்ளே எழுதுவதற்குக் காகிதம் வைக்கப் போனேன், கை வரவில்லை. நான் கேட்கவில்லை கெய்லி. தேதி அக்டோபர் ஒன்பது.

எப்போதும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
மார்லா