பத்து நாள் என்று சொன்னது

ஞாயிற்றுக்கிழமை

இன்று சுங்கச்சாவடிக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த வயதில்.

மூட்டு வைத்தியத்துக்குப் பத்து நாள்தான் என்று சொல்லி, அம்மாவைத் திருப்பத்தூரிலிருந்து பெங்களூரில் தொம்மலூரிலுள்ள என் வீட்டுக்கு வேனில் கூட்டி வந்தேன். திருப்பத்தூரில் அவள் இருந்த வாடகை வீட்டை ஒரேயடியாகக் காலி செய்துவிட்டதைச் சொல்லவில்லை.

“பத்து நாளைக்கு அம்மிக்கல்லு எதுக்குடா?”

“உன் மருமகளை மிரட்டத்தாம்மா.”

சிரித்தாள். கிருஷ்ணகிரியில் வண்டியை நிறுத்தி ஒரு பால் பாக்கெட் வாங்கச் சொன்னாள். காபிக்கு என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அதை என்னிடம் நீட்டினாள். “இனிமே இங்கதானே இருக்கப் போறேன்? பால் காய்ச்சித்தான்டா குடி வரணும்.”

எப்போது தெரிந்ததோ, கேட்கத் துணிவில்லை. நானே அடுப்பைப் பற்றவைத்தேன்.

வண்டிச் சூட்டில் கெட்டிருந்த பால் திரிந்துவிட்டது. சர்க்கரை போட்டுத் தின்றோம்.