காலி வட்டங்களுக்கு விழுந்த அடி

என்னை அடிச்சே டாக்டராக்கிடலாம்னு நம்பின என் அப்பாவுக்கு,

கோபமாத்தான் எழுதுதேன். பாசமும் இருக்கு, அது பிறகு வரட்டும். நேத்து உங்க சின்ன மவ ரோஸியை அடிச்சுட்டேன். சங்கு குளிக்கப் போகும்போது இடுப்புல கட்டுவீங்களே, அந்தக் கயித்தால. முழங்கைக்குக் கீழ தோல் பிஞ்சு ரத்தம் வந்துட்டு.

நீட் மாதிரித் தேர்வு விடைத்தாள்ல முப்பத்தெட்டு வட்டத்தைக் காலியா விட்டுட்டு வந்திருந்தா. அதைப் பாத்ததும் கண்ணுமண்ணு தெரியாம அடிச்சேன். ஏன்னு உங்களுக்குத் தெரியும்லா?

கடலுக்குள்ள முங்கினவன் வெறும் பையோட மேல வரக்கூடாதும்பீங்க. அதையே பரீட்சைக்கும் சொன்னீங்க. "ஏளா, காலியா விட்டுட்டு வந்து நிக்கியே, வெக்கமா இல்ல?" காலி வட்டம் ஒண்ணுக்கு ஒரு அடி. தப்பா எழுதினா மார்க்கு கழியும்ப்பான்னு எத்தனை தடவை சொன்னேன். சாக்கு சொல்லுதேன்னு இன்னும் ரெண்டு போட்டீங்க. நிஜப் பரீட்சை அன்னைக்கு நாற்காலியில சாய முடியல, முதுகு அப்படி எரிஞ்சுது. தெரிஞ்சது தெரியாதது எல்லா வட்டத்தையும் கறுப்பாக்கிட்டு வந்தேன். அந்தத் தப்புக்குக் கழிஞ்ச மார்க்குலதான் சீட்டு போச்சு.

ரிசல்ட் அன்னைக்கு நீங்க கயித்தை ஓங்க, நான் பிடுங்கி உங்க மூஞ்சியிலயே வீசினேன். உதடு கிழிஞ்சுது. துடைக்காம அப்படியே நின்னீங்க. நாலாம் நாள் கடலுக்கடியில காத்து டியூப் பிஞ்சு, அதே கயித்தை இழுத்துத்தான் உங்களை மேல கொண்டுவந்தாங்க. சவப்பெட்டியை மூடும்போதும் உதட்டுக் காயம் ஆறல. நானும் மன்னிப்புக் கேக்கல, நீங்களும் கேக்கல. யாரு முதல்ல கேட்டிருக்கணும் அப்பா?

நேத்து ரோஸி அழல. கையைப் பொத்திக்கிட்டு, "தெரியாததைத்தான் விட்டேன்க்கா. திருத்திப் பாத்துட்டு அடி"ன்னா. திருத்தினேன். நான் ஒருநாளும் எடுக்காத மார்க்கு எடுத்திருக்கா. காலையில மருந்து போடப் போனா, நான் கையைத் தூக்கினதுக்கே சுவரோட ஒதுங்கிட்டா. நானும் உங்களைக் கண்டு அப்படித்தான் ஒதுங்குவேன்.

அவ வகுப்புக்குப் போனதும் மீன் வெட்டுற அரிவாள்மனையில வச்சு அந்தக் கயித்தைத் துண்டு துண்டா அறுத்தேன். உங்களோடதுன்னு வீட்டுல வேற சாமானே இல்லைங்கிறது அறுத்து முடிச்ச பிறகுதான் உறைச்சுது. உக்காந்து அழுதேன்.

சாயங்காலம் அவ வந்ததும் மன்னிப்புக் கேப்பேன். முகத்தைத் திருப்பினா நாளைக்கும் கேப்பேன். எத்தனை வட்டத்தைக் காலியா விட்டாலும் என் கை அவ மேல படாது, இது சத்தியம். உங்க உதட்டைக் கிழிச்சதுக்கு உங்ககிட்டயும் கேக்குதேன், மன்னிச்சிருங்க. நீங்க என்கிட்ட கேக்க முடியாம போன மன்னிப்பை, கேட்டதா வச்சுக்கிடுதேன்.

உங்களையும் அடிச்சு, உங்களை மாதிரியும் அடிச்ச
உங்க மூத்த மவ